எப்படி நின்னுச்சு?

மூன்றாவது ரவுண்டில் பிஸ்டல் நின்றது. நின்ற மறுநொடியே என் இடது கை, மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகமான ஸ்லைடைப் பின்னால் இழுத்து உதறிவிட்டது. சிக்கியிருந்தது எங்கேயோ தெறித்து விழுந்தது, அடுத்த தோட்டா ஏறியது, சுட்டேன். பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து வந்தார். மதுரைப் பக்கம் லைசென்ஸோடு துப்பாக்கி ரிப்பேர் பார்ப்பவர். எல்லோருக்கும் அவர் பாய்தான்.

"என்ன ஆச்சு ஹவில்தார் சார்?"

"ஜாம் பாய். எடுத்துட்டேன்."

"ஜாம்னு தெரியுது. எப்படி நின்னுச்சு?"

என்னிடம் பதில் இல்லை. தோட்டா மூக்கைக் கீழே குத்திக்கொண்டு நின்றதா, மேலே தூக்கிக்கொண்டு நின்றதா, சுட்ட தோட்டாவின் காலி கேஸ் (பித்தளைக் கூடு) மாட்டியிருந்ததா, ஸ்லைடு முழுக்க மூடாமல் நின்றதா? எதையும் நான் பார்க்கவில்லை. என் கண்ணுக்கு வேலை வருவதற்குள் கை முடித்துவிட்டது.

பட்டாளத்தில் 17 வருஷம் இருந்தேன். அங்கே ஆயுதம் நின்றால் என்ன செய்ய வேண்டும் என்பதை மூளையில் ஏற்றமாட்டார்கள், கையில் ஏற்றுவார்கள். ஐ.ஏ. டிரில் என்போம், இமீடியட் ஆக்‌ஷன், அதாவது உடனடி நடவடிக்கை. இழு, விடு, சுடு. எதிரே ஆள் இருக்கும்போது அதுதான் சரி. ஆனால் நான் நின்றுகொண்டிருந்தது மதுரை ரேஞ்சில், எதிரே இருந்தது காகித டார்கெட். அங்கேயும் கை அதையே செய்தது. ஒவ்வொரு முறையும் கோளாறுக்கான ஒரே சாட்சியத்தை நானே தூக்கி எறிந்துகொண்டிருந்தேன்.

கொஞ்சம் பின்னால் போகிறேன்.

ஊர் உச்சிப்புளிக்குத் தெற்கே, ராத்திரி படுத்தால் அலைச் சத்தம் கேட்கும் தூரம். இந்தப் பக்கம் மன்னார் வளைகுடா, ரயில் பாதையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் அந்தப் பக்கம் பாக் விரிகுடா. ரிட்டயர் ஆகி வந்து நண்டு, கணவாய் எடுத்து அனுப்பும் தொழில் தொடங்கினேன். விடியற்காலை வத்தைப் படகு கரைக்கு வரும் நேரத்தில் கையில் ரொக்கம் இருக்க வேண்டும், கடற்கரை ரோட்டில் தனியாகப் போக வேண்டும். அதைக் காரணம் காட்டித்தான் லைசென்ஸ் வாங்கினேன். ஒரு .32 பிஸ்டல், தோட்டா நிரப்பிச் செருகும் மேகசின் இரண்டு. சின்னது, இடுப்பில் இருந்தால் சட்டைக்கு மேல் தெரியாது. பட்டாளத்தில் நான் தூக்கியதெல்லாம் ரைபிளும் கார்பைனும்தான், பிஸ்டல் அதிகாரிகளுக்கு. அதனால் இது எனக்குப் புதுசு. ஆனால் அதை ஒத்துக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

எங்கள் ஊரில் இரும்புக்கு முதல் எதிரி உப்பு. கச்சான் அடித்தாலும் வாடை அடித்தாலும் ஏதாவது ஒரு கடலின் உப்பு வீட்டுக்குள் வந்து உட்காரும். ஐப்பசி, கார்த்திகையில் அடுப்படி உப்பு ஜாடியைப் பாருங்கள், உப்பு தண்ணீர் விட்டுக் கிடக்கும். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். ஜாடியில் நடப்பதுதான் பிஸ்டலின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் உப்பிலும் நடக்கிறது. பகல் வெயிலில் காய்ந்து கிடக்கும், ராத்திரி ஈரமாகும், காலையில் துரு. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே இந்தக் காற்று விட்டுவைக்கவில்லை. வருஷா வருஷம் பெயிண்ட் அடித்துக் காப்பாற்றிய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள், 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் வந்துவிட்டது. கைக்கடக்கமான பிஸ்டல் எந்த மூலை?

2024 தேர்தல் வந்தது. மார்ச் 16-இல் அறிவித்தார்கள். தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும், லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அது பழகிப்போன விஷயம். நானும் போய் ஒப்படைத்து ரசீது வாங்கி வந்தேன். இங்கே ஒரு தப்பு செய்தேன். பிஸ்டலைத் தோல் உறையோடு கொடுத்துவிட்டேன். பத்திரமாக இருக்கட்டும் என்ற நினைப்பு. தோல் என்பது ஈரத்தைப் பிடித்து வைக்கும் பை. பதனிடும்போது போட்ட ரசாயனமும் உப்பும் அதில் இருக்கும். எண்ணிக்கை முடிந்தது ஜூன் 4. அதற்குப் பிறகு போய் வாங்கினேன். கோடை முழுக்க அந்த ஈரப் பைக்குள் கிடந்த பிஸ்டல் வெளியே வந்தபோது ஸ்லைடின் பக்கத்தில் தேமல் மாதிரி புள்ளி புள்ளியாகத் துரு. உறை எந்த இடத்தில் இறுக்கமாக இருந்ததோ அந்த இடத்தில் மட்டும். வாங்கி வைத்தவர்கள்மேல் குறை சொல்ல முடியாது, கொடுத்த விதம் என்னுடையது.

வீட்டில் தோல் பெல்ட்டில் செருகி வைத்திருந்த தோட்டாக்களும் அப்படியே. பித்தளையில் பச்சைக் களிம்பு, கோயில் குத்துவிளக்கின் அடியில் பிடித்திருக்குமே, அதே பச்சை. அவற்றைத் துடைத்துப் பயன்படுத்தலாமா என்று பாயிடம் கேட்டதற்கு அவர் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. கடையில் ஒப்படைத்துக் கணக்கில் எழுதச் சொல்லிவிட்டேன். கடலில் வீசுவது, குப்பையில் போடுவது எல்லாம் கூடவே கூடாது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு உண்டு.

சரி, துரு பிடித்துவிட்டது, சுத்தம் செய்வோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தார்சாவில் பாய் விரித்து உட்கார்ந்தேன். ரைபிள் பிரித்த கை, இதென்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். இந்த மாடலில் ஸ்லைடைத் தள்ளும் ஸ்பிரிங் பேரலைச் சுற்றி இருக்கும், முன்னால் ஒரு சின்ன மூடி அதை அடக்கி வைத்திருக்கும். அந்த மூடியைத் திருகினேன், விரல் வழுக்கியது, மூடி பறந்துபோய்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் பட்டுத் தெறித்தது. அன்றைய தேதிக் கிழிசல் இன்னும் இருக்கிறது. கண்ணில் பட்டிருந்தால்? இப்போதெல்லாம் பெரிய பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டுத்தான் அதைத் திருகுகிறேன், கண்ணாடியும் போட்டுக்கொள்கிறேன்.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் அலசினேன். இரண்டு மேகசினின் அடித்தகட்டையும் கழற்றி ஸ்பிரிங்கை உருவிக் கழுவினேன். திருப்பி மாட்டினேன். உப்புக்குப் பயந்து எல்லா ஓட்டையிலும் எண்ணெயை ஊற்றினேன், நிஜமாகவே ஊற்றினேன், சொட்டுச் சொட்டாக வடிந்தது. அன்று சாயங்காலம் எனக்குப் பெரிய திருப்தி. அதற்கப்புறம் நான் ரேஞ்சில் பட்ட பாட்டில் பாதி அந்த ஞாயிற்றுக்கிழமை செய்தது.

பாய் கேட்ட கேள்வியோடு ஊருக்குத் திரும்பினேன். அக்கா மகன் பாம்பனில் வத்தை இன்ஜின் மெக்கானிக். அவனிடம் புலம்பினேன். அவன் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"நடுக்கடல்ல இன்ஜின் நின்னா ஏன் எதுக்குன்னு பார்க்க மாட்டோம் மாமா, எப்படியாவது ஸ்டார்ட் பண்ணிக் கரைக்கு வருவோம். கரைக்கு வந்தப்புறம்தான் உட்கார்ந்து பார்ப்போம். நீங்க கரையில நின்னுக்கிட்டு நடுக்கடல்ல நிக்கிற மாதிரி அவசரப்படுறீங்க."

அடுத்த முறை ரேஞ்சுக்கு அவனையும் கூட்டிப்போனேன், கிளப்பில் முன்கூட்டியே அனுமதி கேட்டுத்தான். அவன் வேலை ஒன்றே ஒன்று. பிஸ்டல் நின்றால் நான் விரலை டிரிகரிலிருந்து எடுத்து, முனையை டார்கெட் பக்கமே வைத்து, அப்படியே சிலை மாதிரி நிற்பேன். ரேஞ்ச் ஆபீசர் சரி என்றதும் அவன் பின்பக்கத்திலிருந்தே பக்கவாட்டில் சாய்ந்து போனில் ஒரு படம் எடுப்பான். அதற்கப்புறம்தான் எடுப்பேன். சொல்லும்போது சுலபம். முதல் இரண்டு முறை கை மறுபடியும் முந்திக்கொண்டது. "மாமா!" என்று அவன் கத்தியதில் பக்கத்து லேன்காரர் திரும்பிப் பார்த்தார்.

அன்று 40 ரவுண்ட் சுட்டேன். படம் பிடிக்க முடிந்தது ஆறு. வீட்டுக்கு வந்து ஆறையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். "அடிக்கடி ஜாம் ஆகுது" என்று நான் ஒரே நோயாகச் சொல்லிக்கொண்டிருந்தது ஒரு நோயே இல்லை. மூன்று படத்தில் தோட்டாவின் மூக்கு கீழே குத்தி, சேம்பருக்கு, அதாவது தோட்டா உட்கார்ந்து வெடிக்கும் அறைக்கு, ஏறும் சரிவின் அடியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. இரண்டில் தோட்டா சேம்பருக்குள் போய்விட்டது, ஆனால் ஸ்லைடு ஒரு நூல் அளவு மூடாமல் நிற்கிறது. ஒன்றில் எல்லாம் சரியாக மூடியிருக்கிறது, வெடிக்கவில்லை. மூன்று வேறு வேறு வியாதி. ஒரே மருந்தாக நான் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

மூக்குக் குத்துவதை முதலில் எடுத்தோம். பாய் கேட்டது, "எந்த மேகசின்ல?" எனக்கு எப்படித் தெரியும், இரண்டும் ஒரே மாதிரி. வீட்டுக்கு வந்து மகளின் நகப்பாலிஷை வாங்கி ஒன்றின் அடியில் ஒரு பொட்டு, இன்னொன்றில் இரண்டு பொட்டு வைத்தேன். துப்பாக்கிக்கு நான் செய்த செலவிலேயே மலிவானது இதுதான், பலன் அதிகம் கொடுத்ததும் இதுதான். அடுத்த முறை ஒற்றைப் பொட்டில் 20 ரவுண்ட், இரட்டைப் பொட்டில் 20 ரவுண்ட், அதே தோட்டா, அதே கை. ஒற்றைப் பொட்டில் ஐந்து முறை மூக்கு குத்தியது. இரட்டைப் பொட்டில் ஒன்றுகூட இல்லை.

பாய் ஒற்றைப் பொட்டின் அடித்தகட்டைத் தள்ளி ஸ்பிரிங்கை வெளியே எடுத்தார். கையில் வைத்து ஒரு பார்வை. "யாரு மாட்டினது?" நான்தான். ஸ்பிரிங்கின் மேல் நுனி ஒரு பக்கம் உயர்ந்திருக்கும். அந்த உயர்ந்த பக்கம், தோட்டாவைத் தூக்கும் தட்டின் முன்பாதியைத் தாங்க வேண்டும். நான் முன்பின் மாற்றிப் போட்டிருக்கிறேன். அதனால் தட்டு முன்னால் தொங்கியது, அதன் மேல் படுத்திருந்த தோட்டாவும் மூக்கைத் தொங்கப்போட்டது. இரண்டு மேகசினையும் ஒரே நாளில் கழற்றினேன், ஒன்றைச் சரியாக மாட்டியது அதிர்ஷ்டம், இன்னொன்று தப்பு. எந்த மேகசின் கைக்கு வருகிறதோ அதைப் பொறுத்து அன்றைய ராசி. இத்தனை நாள் "சில நாள் நல்லா சுடுது, சில நாள் மக்கர் பண்ணுது" என்று நான் சொன்னதன் அர்த்தம் இவ்வளவுதான்.

இப்போது ஸ்பிரிங்கை உருவுவதற்கு முன்னால் போனில் படம் எடுத்துவிடுகிறேன். எந்த மேகசின் பழசாகி மக்கர் செய்தாலும் முதலில் பார்க்க வேண்டியது அந்த மேல் உதடுகள் இரண்டும். சிமெண்ட் தரையில் ஒருமுறை விழுந்தாலே உதடு விரியலாம், நெளியலாம். குறடால் வளைத்துப் பார்க்காதீர்கள், வேறு மேகசின் வாங்குவதுதான் வழி. சோர்ந்த ஸ்பிரிங்கை இழுத்து நீட்டி மாட்டினால் சரியாகிவிடும் என்று கிளப்பில் ஒருவர் சொன்னார். நீட்டிய ஸ்பிரிங் நாலு நாளில் பழையபடி சுருங்கும்.

.32-க்கே உரிய ஒரு விஷயம் உண்டு. இந்தத் தோட்டாவை 1899-இல் கொண்டுவந்தது ஜான் பிரவுனிங். உலகத்தில் பாதிப் பேர் இதை 7.65 என்பார்கள். இதன் அடிவிளிம்பு உடம்பைவிட ஒரு மயிரிழை அகலம். நகத்தை வைத்து வழித்துப் பார்த்தால்தான் தட்டுப்படும். 9 எம்.எம். தோட்டாவில் அப்படி இல்லை. இந்த விளிம்பினால் ஒரு தொல்லை. மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால் இரண்டும் பூட்டிக்கொள்ளும், மேல் தோட்டா முன்னால் நகரவே நகராது. ஸ்லைடை எத்தனை முறை இழுத்து விட்டாலும் பிரயோஜனம் இல்லை, மேகசினைக் கழற்றித்தான் பிரிக்க வேண்டும். எனக்கு இது ஒரே ஒரு முறை நடந்தது, அதுவும் வீட்டில் அவசரமாக நிரப்பி, மூக்குப் பக்கம் கீழே இருக்கும்படி பையில் போட்டுக் குலுங்கக் குலுங்க மதுரை வரைக்கும் கொண்டுபோன நாளில். ஒவ்வொன்றாகப் பின்னால் வரை தள்ளி, நிரப்பியதும் பக்கவாட்டில் பார்த்து, விளிம்புகள் படிக்கட்டு மாதிரி முன்னேறி நிற்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். ரேஞ்சுக்குப் போய்த்தான் நிரப்புகிறேன்.

இரண்டாவது வியாதி, ஸ்லைடு மூடாமல் நிற்பது. படத்தைப் பார்த்து பாய் கேட்டார், இது எப்போதுமே முதல் ரவுண்டில்தானே வருகிறது என்று. நோட்டைப் புரட்டினேன், ஆமாம். முதல் தோட்டா ஏற்றும்போது மட்டும். "சுடாம, ஏத்தி மட்டும் காட்டுங்க" என்றார். வெடிக்காத டம்மி ரவுண்ட் போட்டு, ஸ்லைடை முழுக்க இழுத்து, கையோடு பிடித்தபடியே மெதுவாக முன்னால் கொண்டுபோய் விட்டேன்.

"ஏன் சார் பிள்ளையைத் தொட்டில்ல போடுற மாதிரி போடுறீங்க?"

துரு பிடித்த பொருளாயிற்றே, படார் என்று விட்டால் அடிபடுமே என்ற பச்சாதாபம். இந்த வகைச் சின்ன பிஸ்டலில் ஸ்லைடையும் பேரலையும் பிணைக்கும் பூட்டு ஏதும் இல்லை. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் பலமும்தான் எல்லா வேலையும் செய்கின்றன. தோட்டாவை மேகசினிலிருந்து உருவி, சரிவில் ஏற்றி, சேம்பரில் அடித்து உட்கார வைக்க அந்த முழு வேகமும் வேண்டும். பாதி வேகம் கொடுத்தால் பாதி தூரம். முழுக்க இழுத்துச் சட்டென்று கையை எடுத்துவிட வேண்டும். தோட்டா இல்லாத வெறும் சேம்பரில்தான் மெதுவாக விடலாம்.

கை மட்டும் காரணம் இல்லை என்பதும் தெரிந்தது. நான் சரியாக விட்டும் ஒருமுறை நின்றது. பாய் பேரலை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கச் சொன்னார். சேம்பரின் உள்சுவரில் ஒரு மங்கலான வளையம், பித்தளை பிரஷ் விட்டு எடுத்தால் துணியில் செங்காவி நிறம். பேரலைப் புல்-த்ரூ (துணி கோத்த கயிறு) போட்டு இழுத்தவன் நான், ஆனால் சேம்பர் அதைவிட அகலம், அதற்குத் தனியாகக் கொஞ்சம் பெரிய பிரஷ் வேண்டும் என்பது என் ரைபிள் மூளைக்கு உறைக்கவில்லை. அவர்தான் அதைச் சரி செய்து கொடுத்தார். உப்புத்தாள் வைத்து நாமே தேய்த்தால் என்ன என்று கேட்காதீர்கள். சேம்பரிலும் அந்த ஏறுசரிவிலும் எடுத்த இரும்பைத் திரும்ப வைக்க முடியாது. சட்டப்படியும் பழுது பார்க்க லைசென்ஸ் உள்ளவரிடம்தான் போக வேண்டும்.

கூடவே ஸ்லைடு ஸ்பிரிங்கையும் புதிதாக மாற்றினார். பழசையும் புதுசையும் பக்கத்தில் படுக்க வைத்தபோது பழசு மூன்று நாலு சுருள் குட்டை. அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, கண்ணுக்கே தெரிந்தது.

மூன்றாவது, டிக் என்ற சத்தத்தோடு வெடிக்காமல் நிற்பது. அப்படி நின்றால் முனையை டார்கெட் பக்கமே வைத்து 30 செகண்ட் காத்திருக்க வேண்டும். தாமதமாக வெடிக்கிற தோட்டாவும் உண்டு. இதில் அவசரம் வேண்டாம். இதற்கு நேர்மாறான ஒன்றும் இருக்கிறது. 'டுமீல்' என்பதற்குப் பதில் 'புஸ்' என்று ஈரப்பட்டாசு மாதிரி சத்தம் வந்தால் அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். குண்டு பேரலுக்குள்ளேயே நிற்கலாம். அதன் மேல் அடுத்ததைச் சுட்டால் பேரலும் போகும், கையும் போகும். இறக்கி, பேரல் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

வெடிக்காத தோட்டாவை வெளியே எடுத்து அதன் அடியைப் பார்த்தோம். நல்ல கேஸில் ஃபயரிங் பின் பதிந்த குழி, ஈரமண்ணில் குச்சியால் குத்தியது மாதிரி ஆழமாக இருக்கும். இதில் நகம் பட்டது மாதிரி ஒரு லேசான தடம். குழி ஆழமாக இருந்தும் வெடிக்கவில்லை என்றால் தோட்டாவைச் சந்தேகப்படலாம். குழி ஆழமில்லை என்றால் அடி சரியாக விழவில்லை. பாய் ஃபயரிங் பின்னை வெளியே எடுத்தார். அது ஓடும் குழாய்க்குள் நான் ஊற்றிய எண்ணெய், தூசியும் கரியும் சேர்ந்து, பழைய தையல் மெஷினுக்கு அடியில் இருக்கும் பிசுக்கு மாதிரி. தீக்குச்சியில் துணி சுற்றித் துடைத்தால் கறுப்பாக வந்துகொண்டே இருந்தது. பின் அந்தப் பிசுக்கில் நீந்திப் போய் அடிக்க வேண்டியிருந்திருக்கிறது. அந்தக் குழாய் காய்ந்து இருக்க வேண்டும், ஒரு சொட்டு எண்ணெயும் வேண்டாம் என்றார். மேகசினுக்குள்ளும் வேண்டாம், அங்கிருந்து எண்ணெய் கசிந்து தோட்டாவின் அடிக்குள் போனால் மருந்தையே கெடுத்துவிடும். ஸ்லைடு உரசி ஓடுகிற இரண்டு காடியில் பக்கத்துக்கு ஒரு சொட்டு, பேரலின் வெளிப்புறத்தில் விரலால் ஒரு பூச்சு, அவ்வளவுதான்.

உப்புக் காற்றுக்குப் பயந்து எண்ணெயை ஊற்றியவனுக்கு இது கசப்பான பாடம். உப்பைத் துடைத்து எடுப்பது ஒரு வேலை, எண்ணெய் பூசுவது இன்னொரு வேலை. துடைக்காமல் பூசினால் உப்பையும் சேர்த்து மூடி வைக்கிறோம்.

இவையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோதே பாய் இன்னொன்றைக் கண்டுபிடித்தார், நான் கேட்காமலேயே. நான் தினமும் கிளம்பும்போது சேம்பரில் ஒன்று ஏற்றி, ராத்திரி வந்ததும் இறக்கி, அதே தோட்டாவை மறுநாள் மறுபடி மேலேயே வைத்து ஏற்றுவேன். மாதக் கணக்கில் அந்த ஒரே தோட்டா. அவர் அதைப் புதுத் தோட்டாவுக்குப் பக்கத்தில் மேஜையில் நிறுத்தினார். வித்தியாசம் நெல்மணி அகலம்கூட இருக்காது, ஆனால் குட்டை. ஒவ்வொரு முறை சரிவில் மோதும்போதும் குண்டு கேஸுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. குண்டு உள்ளே இறங்கினால் உள்ளே இடம் குறையும், சுடும்போது அழுத்தம் ஏறும். இது ஜாம் பிரச்சனையே இல்லை, இதைவிட மோசமான ஒன்று. அதற்கப்புறம் சேம்பரில் ஏற்றி வைக்கும் பழக்கத்தையே விட்டுவிட்டேன். கடற்கரை ரோட்டில் நாய்க்கும் எனக்கும் மட்டும்தான் அந்த நேரத்தில் வேலை.

வீட்டில் இப்போது பிஸ்டல் தோல் உறையில் தூங்குவதில்லை. இறக்கி, வேட்டித் துணியால் துடைத்து, கை வியர்வை பட்ட இடத்தை மறுபடி ஒருமுறை துடைத்து, லேசாக எண்ணெய் கைத்துணியால் தடவி, பூட்டும் இரும்புப் பெட்டியில். கூடவே நிறம் மாறும் சிலிக்கா ஜெல் ஒரு சின்ன டப்பாவில். நீலம் வெளிறி ரோஸ் ஆகிவிட்டால் வறுத்து எடுத்தால் திரும்ப நீலமாகும், வாடைக் காலத்தில் வாரத்துக்கு ஒருமுறை வறுக்க வேண்டியிருக்கிறது. "கடலையா வறுக்கிறீங்க?" என்று வீட்டுக்காரம்மா கேட்டாள். அதற்கென்று ஒரு பழைய வாணலியைத் தனியாக ஒதுக்கிக் கொடுத்துவிட்டாள், சமையல் வாணலிப் பக்கம் போகக் கூடாது என்ற கண்டிஷனோடு. தோட்டாக்கள் வேறு பெட்டியில், வேறு பூட்டில்.

போன மாதம் மறுபடி மதுரை. 50 ரவுண்ட் எடுத்துப் போனேன், பொட்டு மாற்றி மாற்றி. 36 வரைக்கும் ஒன்றுமில்லை. 37-வதில் நின்றது. கை கிளம்பியது, பாதியில் நிறுத்திவிட்டேன். விரலை எடுத்து, முனை டார்கெட்டில், அப்படியே நின்றேன். காலி கேஸ் ஸ்லைடுக்கும் பேரலுக்கும் நடுவில் செங்கல் சூளைப் புகைபோக்கி மாதிரி நேராக நின்றுகொண்டிருந்தது. அக்கா மகன் படம் எடுத்தான். எனக்குக் காலி கேஸை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர்மேல் சந்தேகம், அதன் கொக்கியை அன்று காலையில்தான் பல் குத்தும் குச்சியால் சுத்தம் செய்தேன், ஏதாவது செய்துவிட்டேனோ என்று மனசு அடித்துக்கொண்டது.

பாய் போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். கேஸைப் பார்க்கவே இல்லை. படத்தின் ஓரத்தைக் காட்டினார். என் இடது கைக் கட்டைவிரல் ஸ்லைடின் பக்கத்தில் நன்றாக ஒட்டி அழுத்திக்கொண்டிருந்தது.